ட்ரையல்ஸ் சைக்கிளில் ஃப்ரீவீல் முன்னாலா, பின்னாலா: கோளாறை வைத்து முடிவு செய்வது

ட்ரையல்ஸ், அதாவது காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, சுவர் என்று சைக்கிளைத் துள்ளவைத்து ஏறும் விளையாட்டு, ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெடல் வழுக்கினால் "முன் ஃப்ரீவீலுக்கு மாறிடு" என்பார் ஒருவர், செயின் அறுந்தால் "பின்னாடியே வச்சிருக்கலாமே" என்பார் இன்னொருவர், இரண்டு பேச்சையும் கேட்டுக் கிராங்க், ஹப், சக்கரம் என்று எல்லாவற்றையும் மாற்றிக் காசைக் கரைத்த பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கும். ஃப்ரீவீலை இடம் மாற்றுவதால் தீரும் கோளாறு சிலதான், மற்றவை எந்தப் பக்கம் வைத்தாலும் கூடவே வரும். அதனால் உங்கள் சைக்கிள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் அடிப்படை. ஃப்ரீவீல் என்பது ஒரு பக்கம் சுற்றினால் பிடித்து, மறுபக்கம் சும்மா சுழலும் பல்சக்கரம். முன் ஃப்ரீவீல் என்றால் வலது கிராங்கில் இருக்கும் மரையில் ஃப்ரீவீலைத் திருகியிருப்பார்கள், பின் ஹப்பில் இருக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தோடு ஒட்டியே சுழலும். சக்கரம் உருளும்போதெல்லாம் செயினும் ஓடிக்கொண்டிருக்கும், கிராங்க் மட்டும் சும்மா நிற்கும். பின் ஃப்ரீவீல் என்பது நம் வீட்டுச் சைக்கிள் மாதிரிதான், மிதிப்பதை நிறுத்தினால் செயினும் நின்றுவிடும். முன்னால் வைப்பது ட்ரையல்ஸ்காரர்கள் மட்டும் கண்டுபிடித்தது அல்ல. 1970களின் பிற்பகுதியில் ஷிமானோ சாதாரண கியர் சைக்கிள்களுக்கே இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மிதிக்காமல் உருளும்போதும் செயின் ஓடுவதால் கியர் மாற்றலாம் என்பது அதன் நோக்கம். ட்ரையல்ஸில் இது வந்த காரணம் வேறு, கீழே வரும்.

20 அங்குலச் சைக்கிளை, அதாவது மாட் என்பதை, பெரும்பாலும் முன்னால் 18 பல், பின்னால் 12 பல் என்று முன் ஃப்ரீவீலோடு ஓட்டுகிறார்கள். 26 அங்குலத்தில் முன் ஃப்ரீவீல் என்றால் 18க்கு 15, பின் ஃப்ரீவீல் என்றால் 22க்கு 18. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி விடை இவற்றில்தான் இருக்கிறது.

உதைக்கும் நொடியில் பெடல் டக்கென்று வழுக்குகிறது

இருப்பதிலேயே ஆபத்தான கோளாறு இது. பின் சக்கரத்தில் நின்றுகொண்டு, பிரேக்கை விட்டு, முழு எடையையும் முன் காலில் இறக்கும் அந்த நொடியில் பெடல் காலடியிலிருந்து போய்விட்டால் முழங்கால் ஸ்டெம்மில் இடிக்கும், இல்லை முகம் சுவரில் இடிக்கும். ஒரு முறை வழுக்கினாலும் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம்" வேண்டாம்.

வழுக்கல் எங்கே நடக்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். ஒரு பெயின்ட் மார்க்கர் எடுத்து இரண்டு கோடு போடுங்கள். மரையில் திருகிய ஸ்ப்ராக்கெட் என்றால் அதற்கும் ஹப்புக்கும் குறுக்கே ஒன்று, கிராங்குக்கும் அதன் அச்சுக்கும் குறுக்கே ஒன்று. பின் பிரேக்கை இறுகப் பிடித்து, பெடலைக் கிடையாக வைத்து, சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் நின்றபடி காலால் பலமாக அழுத்துங்கள். ஏறி நின்று செய்ய வேண்டாம். கிராங்கின் இடத்தை மாற்றி மாற்றி இருபது தடவையாவது செய்யுங்கள்.

கோடு விலகியிருந்தால் அந்த இணைப்புதான் திருடன். கோடு அப்படியே இருக்க, செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தது கண்ணில் பட்டால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருக்கின்றன. செயினில் 24 பின் இடைவெளியை அளந்து பாருங்கள், புதிதில் 304.8 மில்லிமீட்டர். 306.3 தாண்டிவிட்டால் மாற்ற வேண்டியதுதான், ட்ரையல்ஸில் அதற்கு மேல் ஓட்டுவது சரியில்லை. பின் ஃப்ரீவீல் வைத்திருப்பவர்கள் முன் பல்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பல்சக்கரம் கிராங்கோடு ஒட்டியே இருப்பதாலும், நீங்கள் எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்து உதைப்பதாலும், அடி முழுவதும் அதே நான்கைந்து பல்லில் விழும். மற்ற பல்லெல்லாம் புதுசு மாதிரி இருக்கும், அந்த நான்கு மட்டும் சுறாமீன் துடுப்பு மாதிரி வளைந்திருக்கும். கடையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "பல் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வது இதனால்தான். பல்சக்கரத்தைக் கழற்றிக் கால் சுற்று திருப்பி மாட்ட முடிந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். முன் ஃப்ரீவீலில் வெளிவளையம் கிராங்கோடு ஒட்டாமல் தனியாகச் சுற்றுவதால் தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவிவிடும், இந்த ஒரு விஷயத்தில் அது உண்மையிலேயே மேல்.

கோடும் விலகவில்லை, செயினும் குதிக்கவில்லை, ஆனாலும் வழுக்குகிறது என்றால் ஃப்ரீவீலுக்குள்ளேதான். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன, அவை வெளிவளையத்தின் உள்பல்லில் போய் மாட்டினால்தான் பிடிப்பு. கொக்கியின் முனை மழுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஆனால் நான் அதிகம் பார்த்தது இரண்டும் இல்லை, கிரீஸ். என் சைக்கிளை ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைத்து ஃப்ரீவீலுக்குள் கெட்டிக் கிரீஸை அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி சுற்றியது, எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் இடுப்பளவு சுவர் ஒன்றுக்கு உதைத்தேன், பெடல் நேராகக் கீழே போனது, கெண்டைக்காலின் முன்னெலும்பில் பெடல் முள் நான்கும் இறங்கின. தழும்பு இன்னும் இருக்கிறது. கெட்டிக் கிரீஸில் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் எழும், எழுவதற்குள் உதை முடிந்துவிடும். பாதி எழுந்த கொக்கியின் நுனியில் முழு எடை விழுந்தால் நுனியும் உடையும்.

தீர்வு எளிது. டீகிரீசரோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் சில துளிகள் மட்டும் விடுங்கள். அப்புறம் காதை வைத்துக் கேளுங்கள், கிளிக் சத்தம் கூர்மையாகவும் ஒரே சீராகவும் வர வேண்டும். நடுவில் மந்தமாகவோ விட்டு விட்டோ வந்தால் ஒரு ஸ்பிரிங் போயிருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால், அது வழக்கமாக இடது மரை, கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். திறந்ததும் குண்டுகள் சிதறும், கீழே ஒரு தட்டு வையுங்கள்.

இந்தக் கோளாறுக்காக இடம் மாற்றலாமா? ஒரு கணக்கைப் பாருங்கள். 70 கிலோ ஆள் 175 மில்லிமீட்டர் கிராங்கில் அசையாமல் நின்றாலே கிராங்கில் சுமார் 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது, உதைத்தால் இன்னும் கூடும். முன் ஃப்ரீவீலின் கொக்கிகள் அந்த 120ஐ அப்படியே தாங்க வேண்டும். 22க்கு 18 போட்ட பின் ஃப்ரீவீலுக்குப் போவது சுமார் 98தான். அதனால் மலிவான ஃப்ரீவீல் பின்னால் பிழைத்தாலும் முன்னால் பிழைக்காது. நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் கடையில் கிடைக்கும் 18 பல் ஃப்ரீவீலை ட்ரையல்ஸ் கிராங்கில் திருகி ஓட்டலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம், அது உட்கார்ந்து மிதிப்பதற்குச் செய்தது. முன்னால் போடுவதென்றால் ட்ரையல்ஸுக்கென்றே செய்த ஃப்ரீவீல் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பெடல் பிடிப்பதற்குள் கால் வெறுமனே இறங்குகிறது

வழுக்கல் வேறு, இது வேறு. இங்கே எதுவும் பழுதில்லை, அடுத்த பல் வரும்வரை கொக்கி காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றில் எத்தனை இடத்தில் பிடிக்கிறதோ 360ஐ அதனால் வகுத்தால் அதிகபட்ச வெற்றோட்டம் எத்தனை டிகிரி என்று வரும். டிகிரியில் சொன்னால் உறைக்காது, பெடல் முனையில் அளந்து பார்த்தால் உறைக்கும். 175 மில்லிமீட்டர் கிராங்கில் 18 இடம் பிடிக்கும் ஃப்ரீவீல் என்றால் பெடல் 61 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கலாம். 36 என்றால் சுமார் 30. 72 என்றால் 15, அதாவது ஒரு விரல் அகலம். 108 என்றால் 10.

நீங்களே அளக்கலாம். பின் பிரேக்கைப் பிடித்து, பெடலைப் பின்னால் ஒரு கிளிக் தள்ளி, அது பிடிக்கும் இடம்வரை விரலால் முன்னால் அழுத்தி, பெடல் அச்சுக்கு நேராகச் சுவரிலோ ஒரு அட்டையிலோ குறித்துக்கொண்டு, மறுபடி அடுத்த கிளிக் வரை. இரண்டு குறிக்கும் இடையே உள்ளதுதான் உங்கள் வெற்றோட்டம்.

இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். முன் ஃப்ரீவீல் கிராங்கிலேயே இருப்பதால் சீக்கிரம் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை தலைகீழ். கிளிக் எண்ணிக்கை, அதாவது ஒரு சுற்றில் பிடிக்கும் இடங்கள், சமம் என்றால் பின்னால் இருப்பதுதான் சீக்கிரம் பிடிக்கும், ஏனென்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பின் ஸ்ப்ராக்கெட் ஒன்றுக்கு மேல் சுற்றுகிறது. கிறிஸ் கிங் நிறுவனத்தின் ஹப்பில் 72 இடம், ஹப்பில் அது 5 டிகிரி. 22க்கு 18இல் கிராங்குக்கு வரும்போது 4.1தான். அதே 72 முன் ஃப்ரீவீலில் முழு 5. அப்படியானால் முன் ஃப்ரீவீல் ஏன் கூர்மையாகத் தெரிகிறது? எக்கோ போன்ற ட்ரையல்ஸ் பிராண்டுகளில் 108 கிளிக் ஃப்ரீவீல் கிடைக்கிறது, கிராங்கில் 3.3 டிகிரி. அதே அளவு கூர்மையான பின் ஹப் வாங்கப் போனால் விலை எகிறும். முன் ஃப்ரீவீலின் லாபம் இடத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. அது தேய்ந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், சக்கரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஆகவே வெற்றோட்டம்தான் உங்கள் குறை, ஏற்கெனவே மரையுள்ள கிராங்க் இருக்கிறது என்றால் அதிகக் கிளிக் உள்ள முன் ஃப்ரீவீல் வாங்குங்கள். பின்னால் நல்ல 72 ஹப் இருக்கிறது, ஆனாலும் வெற்றோட்டம் தெரிகிறது என்றால் ஃப்ரீவீலைத் தொடாதீர்கள். செயின் தொய்வைப் பாருங்கள், பின் பிரேக் உதைக்கும்போது முழுதாக விடுகிறதா பாருங்கள். பிரேக் பேட் உரசிக்கொண்டிருந்தால் உதை செத்துப்போகும், பழியை ஃப்ரீவீலின் மேல் போடுவோம்.

செயின் அடிக்கடி அறுகிறது, அல்லது சக்கரம் இடம் நகர்ந்து தொய்வாகிறது

இதில் இடத்துக்கு உண்மையான பங்கு உண்டு. மேலே சொன்ன அதே 120 நியூட்டன் மீட்டரை 18 பல் வளையத்தின் ஆரத்தால் வகுத்தால் செயினில் சுமார் 335 கிலோ இழுவை வருகிறது. 22 பல் என்றால் சுமார் 275. முன் வளையம் சின்னதாக ஆக ஆகச் செயின் அதிகம் வாங்கும். முன் ஃப்ரீவீலுக்கு மாறிய பிறகு செயின் சீக்கிரம் நீள்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அறுந்த இடத்தை முதலில் பாருங்கள். எப்போதும் நீங்கள் பின்னைத் தள்ளி மறுபடி கோர்த்த அதே கண்ணியில் அறுந்தால் கோளாறு உங்கள் கோர்ப்பில். தள்ளிய பின்னையே திரும்ப அடிக்காதீர்கள், செயினோடு வரும் புதுப் பின் போடுங்கள், போட்ட பிறகு அந்தக் கண்ணி விறைக்காமல் மடங்குகிறதா பாருங்கள். வேறு வேறு இடத்தில் தகடு விரிந்து அறுந்தால் செயின் நேர்கோட்டில் இல்லை. பின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், செயின் சாய்ந்து ஓடுவது தெரியும். முன் ஃப்ரீவீல் கிராங்கின் மரை முடியும் இடத்தில்தான் உட்காரும், அதை நகர்த்த முடியாது, பின்னால்தான் ஸ்பேசர் வைத்துச் சரிக்கட்ட வேண்டும்.

சக்கரம் நகர்வது வேறு கதை. செயின் வலது பக்கம் இழுப்பதால் அச்சின் வலது முனை முன்னால் போகும், டயரின் முன்பகுதி இடது பக்கம் சாயும். டயர் இடது கம்பியை உரசிய அடையாளம் இருந்தால் இதுதான். இரு பக்கமும் அச்சை நகராமல் பிடிக்கும் நத்தை வடிவத் தகடு (கேம்) ஃப்ரேமில் இருக்கும் ஊசியில் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து நட்டை இறுக்குங்கள்.

பாறையில் செயினும் வளையமும் இடிக்கின்றன

முன் ஃப்ரீவீல் ட்ரையல்ஸில் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். ஃப்ரீவீலைத் திருகும் வழக்கமான 1.37 அங்குல மரைக்கு 16 பல்லுக்குக் கீழே ஃப்ரீவீல் செய்ய இடம் போதாது. பின்னால் 16 என்றால் மாட் சைக்கிளின் ஒன்றரை மடங்குக்கு முன்னால் 24 வேண்டும். 24 பல் வளையத்தின் ஆரம் 48.6 மில்லிமீட்டர், 18 பல்லுக்கு 36.6. ஃப்ரீவீலை முன்னால் கொண்டுவந்து பின்னால் 12 பல் நிலை ஸ்ப்ராக்கெட் போட்டதும் அடிவயிற்றில் 12 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. பாறையின் விளிம்பில் ஏறி உட்காரும்போது அந்த 12 மில்லிமீட்டர்தான் பாஷ் ரிங் (பல்லைக் காக்கும் வெளிவளையம்) தொடுவதற்கும் தொடாததற்கும் உள்ள வித்தியாசம். பின் ஹப்பில் கொக்கிகள் இல்லாததால் பின் சக்கரத்தின் எடையும் குறைகிறது, பின் சக்கரத்திலேயே துள்ளித் துள்ளிப் போகிறவர்களுக்கு அது காலில் தெரியும். நீங்கள் 20 அங்குலத்தில் பாறை ஏறுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்னால்தான்.

26இல் வித்தியாசம் 22க்கும் 18க்கும்தான், 8 மில்லிமீட்டர். அடிக்கடி இடித்தால் மாறுங்கள். எப்போதாவது என்றால் நல்ல பாஷ் ரிங் போதும்.

உருளும்போது செயின் கழன்று சக்கரம் பூட்டிக்கொள்கிறது, பேன்ட் மாட்டுகிறது

இது முழுக்க முன் ஃப்ரீவீலின் குணம். கால் அசையாமல் நின்றாலும் செயின் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஷூ லேஸோ புல்லோ மாட்டினால் சக்கரம் நிற்கும்வரை உள்ளே இழுக்கும். செயின் கழன்று ஸ்ப்ராக்கெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின் ஃப்ரீவீலில் செயின் சிக்கினாலும் சக்கரம் உருளும், நீங்கள் பிரேக் பிடித்து இறங்கலாம். தெருவில் படிக்கட்டு, சரிவு என்று வேகமாக உருட்டி ஓட்டுகிறவர்களுக்குப் பின் ஃப்ரீவீலைத்தான் சொல்வேன், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

முன் ஃப்ரீவீலோடுதான் ஓட்ட வேண்டும் என்றால் செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலத்துக்கு மேல் எழக்கூடாது, வலது பேன்ட் காலை மடித்துக் கட்டுங்கள். இதோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி: மரையில் திருகிய பின் ஸ்ப்ராக்கெட் தானாகத் தளர்ந்து வருகிறது. மிதிக்கும் விசை அதை இறுக்கத்தான் செய்யும், தளர்த்தாது. தளர்கிறது என்றால் உருளும்போது செயின் ஸ்ப்ராக்கெட்டைப் பின்னுக்குப் பிடித்து நிறுத்துகிறது, அதாவது முன் ஃப்ரீவீல் மணலோ துருவோ ஏறி இறுகியிருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டை இறுக்குவதோடு விட்டுவிடாதீர்கள், ஃப்ரீவீலைக் கழுவுங்கள். அது தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அதற்குத்தான் முதலில். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரஷர் வாஷ் பக்கமே போகாதீர்கள்.

செயின் ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொய்வு

ஃப்ரீவீலின் வெளிவளையம் சரியாக நடுவில் இல்லை. கொஞ்சம் ஆட்டம் எல்லா ஃப்ரீவீலிலும் உண்டு. மிக இறுக்கமான இடத்தை வைத்துச் செயினைச் சரிசெய்யுங்கள். ஆட்டம் நாளுக்கு நாள் கூடினால் உள்ளே குண்டுகள் தேய்ந்துவிட்டன, ஃப்ரீவீலை மாற்றுங்கள்.

பின் ஹப்பிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரமாட்டேன் என்கிறது

பின் ஃப்ரீவீலில், அலுமினியக் காடியுள்ள ஹப்பில் மட்டும் வருவது. மெல்லிய ஸ்ப்ராக்கெட் உதைக்க உதைக்கக் காடியைக் கடித்து உள்ளே புதைகிறது. செயின் விப்பால் (செயின் துண்டு கோர்த்த கைப்பிடி) ஸ்ப்ராக்கெட்டைப் பின்பக்கமாகத் தட்டிக் கழற்றி, காடியில் எழும்பிய விளிம்பை அரத்தால் லேசாக எடுத்துவிட்டு, அடி அகலமான ஸ்ப்ராக்கெட் போடுங்கள்.

முன் ஃப்ரீவீலைக் கழற்ற முடியவில்லை

நீங்கள் உதைத்த ஒவ்வொரு உதையும் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது, அதனால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். கிராங்கை சைக்கிளிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃப்ரீவீலின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் கழற்றி வேண்டும், ஏறத்தாழப் பொருந்துவது காடியை உடைத்துவிடும். கழற்றியைப் பெஞ்ச் வைஸில் இறுகப் பிடித்து, ஃப்ரீவீலை அதன்மேல் உட்காரவைத்து, நழுவாதபடி ஒரு போல்ட்டும் வாஷரும் போட்டு அழுத்திக்கொண்டு, கிராங்கையே நெம்புகோலாக வைத்து, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்றில் திருப்புங்கள். முதல் நாள் இரவே மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. அசையவில்லை என்றால் கிராங்கின் மரைப் பகுதியைச் சூடேற்றாதீர்கள், உள்ளே இருக்கும் அலுமினியம் வெளியே இருக்கும் எஃகைவிட அதிகம் விரியும், பிடி இன்னும் இறுகும்.

டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டதும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் மேலும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் போல்ட் தடுத்து மரை கிழியும். புதியதைத் திருகும் முன் கிராங்க் மரையைத் துணியால் துடைத்து, மரைக்கு மட்டும் தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். முதல் நான்கு சுற்று வெறும் விரலால் போக வேண்டும். ஸ்பேனர் தேவைப்பட்டால் மரை குறுக்கே ஏறிவிட்டது, கழற்றி மறுபடி தொடங்குங்கள்.